பையன் ஊசி போடுறான், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சுறான்: டர்பன் கோச் ஒருத்தருக்கு என் பதில்

முதல்ல அவர் எழுதினதை சுருக்கி போடுறேன், ஆளை அடையாளம் தெரியாத மாதிரி சிலதை எடுத்துட்டேன்.

"டாக்டர் அக்கா வணக்கம். தமிழ்நாட்டுல இருந்து வந்து 9 வருஷம் ஆச்சு, இங்க தென்னாப்பிரிக்கால, டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார், சாயங்காலம் ஷாட் புட் (குண்டு எறிதல்), டிஸ்கஸ் (வட்டு எறிதல்) கோச்சிங் கொடுக்கிறேன். என்கிட்ட 16 வயசு பையன் ஒருத்தன், நம்ம தமிழ் குடும்பம்தான், நல்ல திறமை. போன நவம்பர்ல லீவு விடுறப்ப 'ஜனவரிக்குள்ள ஒரு 8 கிலோ ஏத்திட்டு வாடா, அப்பதான் தூரம் போகும்' னு சொல்லி அனுப்பினேன், 9 கிலோ ஏத்திட்டு வந்தான். தைப்பூசத்துக்கு 10 நாள் விரதம் இருந்து காவடி எடுத்தான், விரதம் முடிஞ்சு எடை பாத்தா குறையாம இன்னும் ஒன்னரை கிலோ கூடியிருக்கு. சட்டை இல்லாம காவடி தூக்கி நின்னப்ப முதுகு பூரா பரு, கோயில்ல எல்லாரும் பையனுக்கு உடம்பு நல்லா தேறிடுச்சுன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் உறுத்திச்சு. போன வாரம் அவன் பேக்ல அளக்குற டேப் தேடுறப்ப சின்ன பாட்டில், சிரிஞ்ச், கவர் இல்லாத மாத்திரை. கேட்டதும் அழுதுட்டான். டெக்காவாம், டி-பாலாம், தசை ஏத்துற ஸ்டீராய்டு, கொடுத்தது அவனோட தாய்மாமா. அவர் ஜிம் வெச்சிருக்கார், கோயில் கமிட்டில இருக்கார், நான் வந்த புதுசுல எனக்கு வீடு பாத்துக் கொடுத்ததே அவர்தான். அப்பா அம்மாவுக்கு தெரியாது. 'சார் ப்ளீஸ் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' னு கையைப் பிடிச்சான், சொல்லமாட்டேன்டான்னு வாக்கு கொடுத்துட்டேன். மார்ச்ல மாகாண மீட், அதுல நல்லா போட்டா ஒரு பெரிய ஸ்கூல்ல பர்சரி, அதான் படிப்பு உதவித்தொகை, தர்றதா பேசியிருக்காங்க. எங்க ஸ்போர்ட்ஸ் ஹெட்கிட்ட பேர் சொல்லாம கேட்டுப் பாத்தேன், 'சீசன் முடியட்டும் அப்புறம் பேசிக்கலாம்' னுட்டார். நான் என்ன செய்யட்டும் அக்கா?"

தம்பி, உங்க கடிதம் வந்து மூணு நாள் ஆச்சு, நடுவுல ஒரு ராத்திரி சரியா தூக்கமே இல்ல எனக்கு, ஏன்னா இந்த ஊர்ல 30 வருஷமா ஸ்போர்ட்ஸ் டாக்டரா இருக்கேன், இந்த பையனை நான் பாத்ததில்ல ஆனா இவனை மாதிரி பசங்களை நிறைய பாத்துட்டேன். நீங்க எழுதினதே பெரிய விஷயம். கண்டும் காணாம போற கோச்சுங்க இருக்காங்க, நீங்க போகல.

முதல்ல அந்த வாக்கைப் பத்தி பேசிடுவோம், உங்களை அதிகமா அறுக்கிறது அதுதான்னு தெரியுது. கொடுத்த வாக்கை மீறக்கூடாதுன்னு வளந்தவங்க நாம, அதனால இது கஷ்டம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, 16 வயசு பையன் பயத்துல அழுதுட்டே கையைப் பிடிக்கிறான், நீங்களும் பதறிப் போய் சரிடான்னு சொல்லிட்டீங்க, அவன் கேட்டது என்னன்னா 'இப்போதைக்கு என்னை இந்த பயத்துல இருந்து காப்பாத்துங்க' அவ்வளவுதான், நீங்க கொடுத்ததோ ஊசி தொடர்றதுக்கு ஒரு மறைப்பு. நான் டாக்டர், என்கிட்ட ஒரு பையன் வந்து சொன்னா நான் வெளிய சொல்லமாட்டேன், அதுக்கு சட்டம் இருக்கு, ஆனா நான் அவன் உடம்பை பரிசோதிக்கிறேன், ரத்தம் எடுக்கிறேன், திரும்ப வரச்சொல்றேன், அவன் குண்டு எவ்வளவு தூரம் போச்சுங்கிறதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. உங்க நிலைமை வேற. அவன் மார்ச்ல ஜெயிச்சா பேர் உங்களுக்கும் வரும், அவனை டீம்ல போடுறதும் எடுக்கிறதும் உங்க கையில இருக்கு, அவன் ரகசியத்தை நீங்க காப்பாத்தினா அதுல உங்களுக்கும் பங்கு வந்துடுது, நீங்க நினைக்காட்டியும் வந்துடுது. அதனாலதான் ஒரு கோச் இந்த மாதிரி ரகசியத்தை வெச்சுக்கவே கூடாதுன்னு நான் சொல்றேன்.

ஆனா அவன் முதுகுக்குப் பின்னாடி போய் சொல்லிடாதீங்க, அது பெரிய தப்பாயிடும். வாக்கை திரும்ப வாங்கிக்கணும்னா யார்கிட்ட கொடுத்தீங்களோ அவன் முகத்தைப் பாத்து வாங்கிக்கணும். தனியா கூப்பிடுங்க, கிரவுண்டு ஓரமா நடந்துகிட்டே பேசுங்க, ரூமுக்குள்ள எதிரெதிரா உக்காந்து விசாரணை மாதிரி வேணாம். "டேய், அன்னிக்கு நான் சொல்லமாட்டேன்னு சொன்னது தப்பு, என்னால அதைக் காப்பாத்த முடியாது, ஏன்னா உன் உடம்புக்கு என்ன ஆகுதுன்னு எனக்கு பயமா இருக்கு, அப்பா அம்மாகிட்ட சொல்லியே ஆகணும், நீ சொல்றியா, நான் கூட இருக்கேன், இல்ல நான் சொல்றேன் நீ கூட இரு" இந்த மாதிரி. ரெண்டுல எதுன்னு அவனே முடிவு பண்ணட்டும். ரெண்டு நாள், அதிகபட்சம் மூணு நாள் டைம் கொடுங்க, அதுக்கு மேல வேணாம். கத்துவான், இனிமே கிரவுண்டுக்கே வரமாட்டேன்னுவான், உங்களை துரோகின்னு கூட சொல்லலாம், அதுல பாதி அந்த மருந்து பேசுறது.

நான் ஒன்னு சொல்லணும், இதை எழுத எனக்கு சுலபமா இல்ல. டாக்டர் தொழிலுக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தப்ப 17 வயசு ரக்பி பையன் ஒருத்தன் வந்தான், ஒரு பக்க மார்பு வீங்கி, தொட்டாலே வலி, டீமோட ஷவர்ல குளிக்க வெக்கமா இருக்குன்னு சொன்னான். பாத்ததுமே தெரிஞ்சுது. அவனும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதான் கெஞ்சினான், நான் சொல்லல, அது சரிதான், சட்டப்படியும் சரி. வைத்தியம் பாத்தேன், ஊசியை நிறுத்தச் சொன்னேன், அனுப்பிட்டேன். ஆனா உனக்கு இதை யாருடா கொடுத்தாங்க, வேற யாரெல்லாம் போடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, கேட்டா அவன் திரும்ப வரமாட்டானோன்னு பயம். ஆறு மாசம் கழிச்சு அதே டீம்ல இருந்து இன்னும் மூணு பேர் வந்தாங்க, ஒருத்தனுக்கு பிட்டத்துல ஊசி போட்ட இடம் சீழ் கட்டி ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு, எல்லாருக்கும் ஒரே ஊசியாம், மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. இந்த நாட்டுல எச்ஐவி எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்ச எனக்கு அந்த ரிப்போர்ட்டுங்க வர்ற வரைக்கும் சாப்பாடே இறங்கல, நல்லவேளை ஒன்னும் இல்ல. அன்னில இருந்து அந்த கேள்வியை நான் கேக்காம விட்டதில்ல. நீங்களும் கேளுங்க, ஊசியை யார்கூடவாவது ஷேர் பண்ணினியா, உன்கூட வேற யாரு போடுறாங்க. முதல் கேள்விக்கு பதில் கட்டாயம் வேணும், ரெண்டாவதுக்கு உடனே பதில் வராது, பரவால்ல.

இப்ப அவன் உடம்பு. இதை நான் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அப்பா அம்மாகிட்ட பேசும்போது "ஸ்டீராய்டு கெட்டது" ன்னு மொட்டையா சொன்னா ஒன்னும் ஏறாது, ஆஸ்துமா பம்ப்லயும் ஸ்டீராய்டு இருக்கே டாக்டரே கொடுக்கிறாரேன்னு கேப்பாங்க, அது வேற வகை, வீக்கத்தைக் குறைக்கிறது, தசையை வளக்கிறது இல்ல. பையன் போடுறது அனபாலிக், அதாவது ஆண் ஹார்மோனோட செயற்கை சொந்தக்காரங்க. டெக்காங்கிறது நான்ட்ரோலோன், எண்ணெய்ல கலந்த ஊசி, மெதுவா ரத்தத்துல இறங்கும். டி-பால்ங்கிறது மெட்டான்டியனோன் மாத்திரை, அது ஈரல்ல சீக்கிரம் உடையக்கூடாதுன்னே வேதியியல்ல மாத்தி செஞ்சது, அதனாலயே ஈரலுக்கு பாரம்.

16 வயசுல ஆண் ஹார்மோன் தானாவே பொங்கிட்டு இருக்கிற நேரம். வெளிய இருந்து கொட்டினா மூளை என்ன நினைக்கும், போதும் போதும் நிறைய இருக்குன்னு விதைகளுக்கு அனுப்புற சிக்னலை நிறுத்திடும், விதை வேலையை நிறுத்தி சுருங்க ஆரம்பிக்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் திரும்ப வழிக்கு வர மாசக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டும். அதிகமா இருக்கிற ஹார்மோன்ல கொஞ்சம் பெண் ஹார்மோனா மாறும், மார்பு வீங்குறது அதுலதான், இன்னொன்னு அதை விட மோசம், எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டு இருக்குல்ல, அதை சீக்கிரம் மூடிடும். மூடிட்டா மூடினதுதான், அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் கூட உயரமாட்டான். தம்பி, நீங்க ஷாட் புட் கோச், உயரமும் கை நீளமும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லித் தரவேண்டியதில்ல, அந்த குண்டு கையை விட்டுப் போற உயரத்தை அவன் இன்னிக்கு வித்துட்டு இருக்கான், நாலு மாசத்து தசைக்காக.

இதயத்துக்கும் இருக்கு. நல்ல கொலஸ்ட்ரால் சரசரன்னு இறங்கும், கெட்டது ஏறும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் கூடும், இதயத்தோட சுவர் தடிக்கும். வெளிய ஒன்னும் தெரியாது, கோயில்ல சொன்னாங்கல்ல உடம்பு தேறிடுச்சுன்னு, அப்படித்தான் தெரியும். நம்ம ஆளுங்களுக்கு ஏற்கனவே சர்க்கரையும் ஹார்ட் அட்டாக்கும் குடும்பத்துல ஓடுது, டர்பன்ல எந்த தமிழ் வீட்டுலயும் ஐம்பது வயசுக்குள்ள போன ஒரு மாமாவோ பெரியப்பாவோ போட்டோல மாலையோட இருப்பார், அந்த ரத்தத்துல இதையும் ஊத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. அதுக்கு மேல அந்த பாட்டில்ல லேபிள்ல இருக்கிறதுதான் உள்ள இருக்குன்னு ஒரு உத்தரவாதமும் கிடையாது, கள்ளத்தனமா வர்ற சரக்கு, எந்த கேரேஜ்ல எந்த எண்ணெய்ல கலந்தாங்களோ.

அதனால இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். ஈரல் டெஸ்ட், கொலஸ்ட்ரால், ரத்த அணுக்கள், டெஸ்டோஸ்டிரோனும் மூளை அனுப்புற அந்த ரெண்டு சிக்னல் ஹார்மோனும், பிரஷர், ஈசிஜி, தேவைப்பட்டா இதயத்துக்கு எக்கோ, ஊசி ஷேர் பண்ணியிருந்தா எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி. கை மணிக்கட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தா வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கான்னு தெரியும், திறந்திருந்தா அந்த படத்தை அவன்கிட்டயே காட்டச் சொல்லுங்க, நான் பாத்த வரைக்கும் பசங்களுக்கு எந்த பேச்சையும் விட அந்த படம் புரியுது. அப்புறம் பலருக்கு தெரியாத ஒன்னு, இந்த நாட்டு சிறுவர் சட்டப்படி 12 வயசுக்கு மேல, புரிஞ்சுக்கிற பக்குவம் இருந்தா, பையன் தானே வைத்தியத்துக்கு சம்மதம் கொடுக்கலாம். அப்பா அம்மாகிட்ட சொல்ற அந்த ரெண்டு மூணு நாளைக்கு அவனை காக்க வைக்க வேண்டியதில்ல, நாளைக்கே கிளினிக் போகலாம். ஒரே ஒரு கவனம், ஊசியை நிறுத்தினதும் சில வாரத்துல மனசு பயங்கரமா கீழ இறங்கும், சொந்த ஹார்மோனும் இல்ல, வெளி ஹார்மோனும் இல்லாத காலம் அது, தூக்கம் வராது, ஒன்னும் பிடிக்காது, செத்துடலாம் போல இருக்குன்னு சொல்ற பசங்க உண்டு. அப்படி ஒரு வார்த்தை வந்தா விளையாட்டா எடுத்துக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ராத்திரில யாரும் கிடைக்கலன்னா சைல்ட்லைன் 116, இலவசம்.

இனி நான் சொல்லப்போறது உங்களுக்கு வலிக்கும், ஆனா சொல்லாம விட்டா நான் உங்களுக்கு அக்காவே இல்ல. உங்க கடிதத்துல நடுவுல ஒரு வரி வருது, அதை நீங்க சும்மா தகவல் மாதிரி எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க, "ஜனவரிக்குள்ள ஒரு 8 கிலோ ஏத்திட்டு வாடா". தம்பி, நவம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும் எத்தனை வாரம் இருக்கு, ஏழு, எட்டு. நல்லா சாப்பிட்டு ஒழுங்கா வெயிட் தூக்குற 16 வயசு பையன் மாசத்துக்கு ஒரு கிலோ நல்ல தசை ஏத்தினாலே சந்தோஷப்படணும். நீங்க கேட்டதுக்கு சாப்பாட்டுல வழியே கிடையாது, கொழுப்புல உண்டு இல்ல பாட்டில்ல உண்டு. நீங்க ஊசி போடச் சொல்லல, மனசுல அப்படி நினைச்சிருக்கவும் மாட்டீங்க, வாய்ல வந்த ஒரு நம்பர், நம்ம ஊர் கோச்சுங்க எல்லாம் சொல்றதுதான். ஆனா அவனுக்கு நீங்க சார். சார் சொன்ன நம்பரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கான், டிசம்பர்ல ரெண்டு கிலோ கூட ஏறல போல, மாமாகிட்ட அழுதிருப்பான், மாமா வழி சொல்லிட்டார்.

பெரிய பெரிய கதையெல்லாம் இப்படித்தான் போயிருக்கு. பழைய கிழக்கு ஜெர்மனில 1974ல இருந்து அரசாங்கமே திட்டம் போட்டு ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு, அதுல நிறைய சின்ன பொண்ணுங்க, நீல கலர் மாத்திரை கொடுத்தாங்க, ஓரல் டூரினபோல்னு பேர், வைட்டமின்னு சொல்லி. ஹைடி க்ரீகர்னு ஒரு பொண்ணு, உங்க விளையாட்டுதான், ஷாட் புட், 16 வயசுல ஆரம்பிச்சாங்க, 1986ல ஐரோப்பிய சாம்பியன். உடம்பு அவ்வளவு மாறிப் போச்சு, பின்னாடி ஆணா மாறி ஆண்ட்ரியாஸ்ங்கிற பேர்ல வாழுறார், தன் வாழ்க்கைல அந்த முடிவை தானா எடுக்கிற வாய்ப்பையே மருந்து பறிச்சிடுச்சுங்கிறதுதான் அவரோட வருத்தம். 2000ல பெர்லின் கோர்ட்டுல அந்த விளையாட்டுத் துறை தலைவர் எவால்டையும், டாக்டர் ஹெப்னரையும் குற்றவாளின்னு சொன்னாங்க, வீரர்களோட உடம்புக்கு ஊறு செய்யத் துணை போனதா. அங்க இருந்த கோச்சுங்க எல்லாரும் ராட்சசங்க இல்ல, மேல இருந்து ஒரு டார்கெட் வந்துச்சு, பொண்ணு எப்படி அதை எட்டினான்னு கேக்காம இருந்துட்டாங்க. கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனோட கோச் சார்லி ஃபிரான்சிஸ் கதையும் கிட்டத்தட்ட அதேதான், பையனா இருந்தப்ப இருந்து வளத்தவர், மத்தவன் எல்லாம் போடுறான், நம்ம பையன் போடலன்னா ஒரு மீட்டர் பின்னாடி நின்னு ஓடுற மாதிரின்னு கணக்கு போட்டார், 1988 சியோல் ஒலிம்பிக்ல ஜான்சன் ஸ்டீராய்டு டெஸ்ட்ல மாட்டி தங்கத்தை இழந்தது உலகத்துக்கே தெரியும்.

அதனால அந்த பையன்கிட்ட நீங்க பேசும்போது இதையும் சொல்லுங்க, "நான் சொன்ன நம்பர் தப்புடா". இதை சொல்ற கோச்சை நான் ரொம்ப கம்மியா பாத்திருக்கேன். சொன்னா என்ன ஆகும்னா, எல்லா தப்பும் தன் மேலன்னு நினைச்சு குமைஞ்சுட்டு இருக்கிற பையனுக்கு கொஞ்சம் மூச்சு விட முடியும். அப்பா அம்மா முன்னாடியும் சொல்லுங்க, அப்பதான் அவங்க உங்களை குத்தம் சொல்ல வந்தவரா பாக்கமாட்டாங்க. இனிமே டீம்ல யாருக்கும் எடை டார்கெட் கொடுக்காதீங்க, டெக்னிக்குக்கு டார்கெட் கொடுங்க, ஸ்குவாட்டுக்கு கொடுங்க, தூங்குற நேரத்துக்கு கொடுங்க.

தாய்மாமா விஷயம். நம்ம வீடுங்கள்ல தாய்மாமான்னா என்னன்னு தெரியும், காது குத்துறப்ப மடில வெச்சுக்கிறவர், அம்மாவுக்கு அப்பா ஸ்தானம். அதனால அம்மா முதல்ல நம்பமாட்டாங்க, அப்புறம் அழுவாங்க, அப்புறம் அண்ணனைக் காப்பாத்தப் பாப்பாங்க, அதுக்குள்ள அப்பா கோவத்துல அவர் ஜிம்முக்கே போய் கைகலப்பாக்கிடுவார். இதையெல்லாம் எதிர்பார்த்துட்டே போங்க. பேசுறப்ப அப்பா, அம்மா, பையன், நீங்க, நாலே பேர், மாமா அந்த ரூம்ல வேணாம், பாட்டி தாத்தாவும் அன்னிக்கு வேணாம். அந்த மாமா கெட்ட எண்ணத்துல செஞ்சிருப்பார்னு நான் நினைக்கல, தானும் போட்டிருப்பார், தனக்கு ஒன்னும் ஆகலன்னு நினைக்கிறார், மருமகன் பெரிய ஆளாகட்டும்னு ஆசை. ஆனா இந்த நாட்டுல அனபாலிக் ஸ்டீராய்டு ஷெட்யூல் 5 மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்கிறது குற்றம், அதுவும் 16 வயசு பையனுக்கு. அவர் ஜிம் வெச்சிருக்கார், அங்க வர்ற பசங்க இவன் ஒருத்தன் மட்டுமா?

உங்களுக்கு வீடு பாத்துக் கொடுத்தவர், அந்த நன்றி உண்மைதான், அதை நான் சின்னதா நினைக்கல. வேற நாட்டுல முதல் வருஷம் கதவு திறந்து விட்டவங்களை மறக்க முடியாது. ஆனா அந்த கடனை அவங்க தங்கச்சி பையன் உடம்பை வெச்சு அடைக்க முடியாதுல்ல. நான் என்ன செய்வேன்னு கேட்டா, முதல்ல குடும்பத்துக்கு தெரியட்டும், பையன் டாக்டர் கையில பாதுகாப்பா இருக்கட்டும், அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்குள்ள சப்ளை விஷயத்தை தென்னாப்பிரிக்காவோட ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு, அதான் 1997ல சட்டம் போட்டு உருவாக்கின செய்ட்ஸ், அவங்களுக்கு தெரியப்படுத்துவேன். குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிட்டே செய்வேன், மறைச்சு செய்யமாட்டேன். இன்னொன்னு, நீங்க வாத்தியார், ஒரு பிள்ளைக்கு பெரியவங்களால உடம்புக்கு தீங்கு வருதுன்னு தெரிஞ்சா புகார் கொடுக்கிற கடமை சிறுவர் சட்டத்துல வாத்தியார்களுக்கு இருக்கு, இது அதுல வருதான்னு ஒரு சோஷியல் வொர்க்கர்கிட்ட நீங்களே கேட்டு தெளிவாக்கிக்கோங்க, யூகத்துல விட்டுடாதீங்க. கோயில்ல சில பேர் உங்ககிட்ட பேசமாட்டாங்க. அடுத்த வருஷம் காவடிக்கு போறப்ப அந்த பார்வையை தாங்கணும், அதை நான் மறைக்கல.

மார்ச் மீட்டுக்கு பதில் ஒரே வார்த்தை, கூடாது. அவன் உடம்புல அது இருக்கிற வரைக்கும் வட்டத்துக்குள்ள இறங்கக்கூடாது, அவன் எதிர்ல ஒழுங்கா சுகர் பீன்ஸ் கறியும் முட்டையும் சாப்பிட்டு ஏறி வந்த பையனுக்கு அது அநியாயம், அதோட டெக்கா தடயம் சிறுநீர்ல மாசக்கணக்குல நிக்கும், மார்ச்சுக்குள்ள போயிடும்னு மாமா சொன்னா அது பொய். டெஸ்ட்ல மாட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கு தெரியணும், வேணும்னே போட்டதுன்னா வழக்கமா நாலு வருஷ தடை. நம்ம ஊர்லயே பாத்தோம், அஃபிவே டியான்டி 2018ல உலக ரக்பியோட சிறந்த புது வீரர், அடுத்த ஜூலைல டெஸ்ட்ல மாட்டினார், நாலு வருஷம் போச்சு, 2019 உலகக் கோப்பையும் போச்சு, அவர் உடம்புல இருந்ததுல ஒன்னு இதே மெட்டான்டியனோன்.

ஆனா உங்க பையன் விஷயத்துல கதவு மூடல. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு WADAவோட 2021 விதித்தொகுப்புப்படி (கோட்) 18 வயசுக்கு கீழ இருக்கிற, சர்வதேச அளவுல ஆடாத இந்த மாதிரி பசங்களை பாதுகாக்க வேண்டியவங்கன்னு தனியா வெச்சிருக்காங்க, தண்டனைல இளக இடம் உண்டு, மைனர் பேரை பப்ளிக்கா போட்டே ஆகணும்னு கட்டாயமும் கிடையாது. டெஸ்ட்டுக்கு கூப்பிடுறதுக்கு முன்னாடியே தானா வந்து ஒப்புக்கிட்டா, வேற ஆதாரமே இல்லாத நிலைமைல, தடையை பாதி வரைக்கும் குறைக்கலாம், கொடுத்தது யாருன்னு கண்டுபிடிக்க உதவினா இன்னும் கூட. அந்த முடிவை குடும்பம் ஒரு வக்கீலைப் பாத்து எடுக்கட்டும். அதே கோட் உங்களை எப்படிப் பாக்குதுன்னும் தெரிஞ்சுக்கோங்க, மூடி மறைக்க துணை போறது தனி குற்றம், கோச்சுக்கு ரெண்டு வருஷத்துல இருந்து வாழ்நாள் வரைக்கும் தடை போகலாம். உங்களைப் பயமுறுத்த சொல்லல, இப்ப நீங்க நிக்கிற இடம் தெரியணும்னு சொல்றேன், இன்னும் அந்தப் பக்கம் போகல நீங்க, ஆனா அவனை மார்ச்ல இறக்கினா போயிடுவீங்க.

பர்சரி போயிடுமேன்னு அவன் அழுவான். போகலாம், போகாதுன்னு பொய் சொல்லாதீங்க. அவன் 11ஆம் கிளாஸ்தான் போல, இன்னும் ஒரு சீசன் இருக்கு, சுத்தமா போட்ட தூரத்தை வெச்சு கேக்கலாம்.

உங்க ஸ்போர்ட்ஸ் ஹெட்டுக்கு ஒரு ஈமெயில் போடுங்க. பேர் வேணாம், "ஒரு மாணவர் உடல்நிலை காரணமா இந்த சீசன் போட்டிகள்ல இருந்து விலக்கப்படுறார், இது பத்தி பிரின்சிபாலோட நேர்ல பேசணும்" அவ்வளவுதான். வாய்ல சொன்னது காத்துல போயிடும், எழுத்துல இருந்தா சீசன் முடியட்டும்னு சொல்ற தைரியம் வராது. வேலைக்கு ஆபத்து வருமான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும், ஒர்க் பர்மிட்ல இருக்கிறவங்களுக்கு அந்த பயம் ரொம்ப. வராதுன்னு என்னால சொல்ல முடியல தம்பி. நடந்ததெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, டீச்சர் யூனியன்ல சேராட்டி இந்த வாரமே சேருங்க. ராஜினாமா பண்ணிடலாம்னு ஒரு எண்ணம் ஓடினா அதை ஓரமா வைங்க, நீங்க போயிட்டா அந்த இடத்துக்கு வர்றவர் பேக்கைத் திறந்து பாக்கமாட்டார்.

கடைசியா அவனைப் பத்தி. போட்டில இருந்து எடுத்ததும் கிரவுண்டுல இருந்தும் எடுத்துடாதீங்க, இதுதான் நிறைய கோச்சுங்க பண்ற தப்பு, டீமை விட்டு விலக்கி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அந்த பையன் நேரா எங்க போவான், மாமா ஜிம்முக்குத்தான். டாக்டர் ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிட் தூக்க வேணாம், குண்டை தொட வேணாம், ஆனா சாயங்காலம் 3 மணிக்கு மத்தவங்களோட வரணும், லேட்டா வந்தா எப்பவும் போல திட்டுங்க. சின்ன பசங்களுக்கு கிளைடு, அதான் குண்டு போடுறதுக்கு முன்னாடி பின்பக்கமா சறுக்கி வர்ற டெக்னிக், சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, தூரம் அளக்கச் சொல்லுங்க. அன்னிக்கு அவன் பேக்ல நீங்க தேடின டேப் இருக்குல்ல, அதை அவன் கையிலயே கொடுங்க. ரத்த ரிசல்ட் வந்ததும் அவனும் அம்மாவும் சரின்னா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் பாக்கிறேன், காசு வேணாம்.